நாலுகால் தடியும் வல்லமைக் கூட்டமும்

வேல்விழியின் கைகள் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தன. கம்பெனியில் முடியாமல் மிஞ்சிய வெள்ளைப் பனியன் மூட்டை ஒன்று அவளுக்கு இடப்பக்கம் இருந்தது. வெட்டி முடித்தவை வலப்பக்கம் குவிந்தன. ஒன்றை எடுப்பாள். தோள், கை, கழுத்து, அடிமடிப்பு என்று திருப்பி, தொங்கும் நூலைச் சின்னக் கத்திரியால் நறுக்குவாள். வெளிச்சத்தில் ஒருமுறை தூக்கிப் பார்த்துவிட்டுப் போடுவாள். செக்கிங் வேலையில் தலை நரைத்தவள். இதற்கு அவளுக்கு யோசனை தேவையில்லை. அதனால் வாய் சும்மா இருக்காது.

“இன்னைக்குக் கர்த்தர் ஒரு அற்புதம் செஞ்சாரு நர்சம்மா.”

நான் அவள் புருஷன் அந்தோணிராஜின் வலது காலை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தேன். “என்ன கண்ணு செஞ்சாரு?”

“சிலிண்டர் தீந்துபோச்சு. ஆனா சோறு வெந்த பெறகு தீந்துச்சு. முந்தியே தீந்திருந்தா?”

“முந்தியே தீந்திருந்தா, ஊட்டு ஓனரு சாரதாமணி அடுப்புல வெந்திருக்கும்.”

“உங்களுக்கு விசுவாசம் கொறச்சல்,” என்று சொல்லிவிட்டு அடுத்த பனியனை எடுத்தாள்.

இருக்கலாம். நான் பழைய சபைக்காரி. எங்கள் கோயிலில் யாராவது சத்தமாக ஆமென் சொன்னால் முன்வரிசை திரும்பிப் பார்க்கும். படுக்கையில் கிடப்பவர்களைப் புரட்டவும் குளிப்பாட்டவும் நடக்கவைக்கவும் பயிற்சி எடுத்து, அதையே தொழிலாகச் செய்து வயதானவள். அற்புதங்களை நான் பெரும்பாலும் பெட்பேனோடு சேர்த்தே பார்த்திருக்கிறேன்.

வேல்விழிக்கு அப்படியில்லை. கரண்ட் போனால் பிசாசு, வந்தால் கர்த்தர். நடுவில் ஒரு ஆள் மழையில் கம்பத்தில் ஏறியது யாருடைய கணக்கிலும் வராது. பஸ் நிறுத்தத்தில் நின்றால் வல்லமை. நிற்காமல் போனால் அந்த பஸ்ஸுக்கு முன்னால் ஏதோ ஆபத்து இருந்திருக்கிறது, அதிலிருந்து காத்த வல்லமை. மொத்தத்தில் அவளுக்கு நஷ்டமே வராத வியாபாரம் அது.

ஞாயிற்றுக்கிழமை சபையில், கர்த்தர் தனக்குச் செய்ததை எல்லார் முன்னும் சொல்லும் சாட்சி நேரம் வந்தால் முதலில் எழுந்து நிற்பவள் அவள்தான். ஓடாத நிட்டிங் கொட்டகை ஒன்றின் மாடியில் அந்தச் சபை கூடுகிறது. பக்கத்துக் கொட்டகையில் மெஷின் ஓடினால் இந்த மாடித் தரை லேசாக அதிரும். புதிதாக வந்தவர்கள் சிலர் அதை வல்லமை என்று நினைத்து முழங்காலில் விழுந்து அழுததைப் பார்த்திருக்கிறேன். பாஸ்டர் ஜெயபாண்டி அவர்களைத் திருத்தியதில்லை. அவர் முன்பு பனியன் தைக்க ஆள் பிடிக்கும் பவர்டேபிள் கான்ட்ராக்டர். வந்த ஆளைத் திருப்பி அனுப்பும் பழக்கம் அப்போதே கிடையாது.

வேல்விழியும் அந்தோணிராஜும் சாயல்குடிப் பக்கத்துக்காரர்கள். மழை இல்லாத ஒரு வருஷத்தில் கல்யாணப் பாத்திரங்களோடு திருப்பூர் வந்து, சாரதாமணியின் லைன் வீட்டில் ஓர் அறை பிடித்தார்கள். அவன் அயர்ன் மாஸ்டர். நாள் முழுக்க நீராவிப் பெட்டியைத் தேய்த்துத் தேய்த்து வலது தோள் மட்டும் பயில்வான் மாதிரி இருக்கும். அந்த வலது பக்கம்தான் போன தீபாவளிக்கு முன்னால் விழுந்தது. வாயும் ஒரு பக்கம் கோணிக்கொண்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் மாதங்களில் சபைப் பெண்கள் முறைவைத்து வந்தார்கள். ஒருத்தி ஷிப்டுக்கு முன்னால், ஒருத்தி ஷிப்டு முடிந்து. மலம் அள்ளினார்கள், துணி மாற்றினார்கள், முதுகு புண்ணாகாமல் புரட்டிப் போட்டார்கள். சாயப்பட்டறையில் வேலை செய்யும் ஒரு பெண், நகத்தில் நீலம் போகாத கையால் அவனுக்குக் கஞ்சி ஊட்டியதை நானே பார்த்தேன். எங்கள் பழைய சபையாக இருந்தால் ஹார்லிக்ஸ் பாட்டில் வந்திருக்கும், ஆள் வந்திருக்காது. ஆனால் இதை எந்த ஞாயிறும் யாரும் சாட்சியாகச் சொல்லவில்லை. சிலிண்டர் சொன்னார்கள், பஸ் சொன்னார்கள். இது வேலையாகப் போய்விட்டது.

வேல்விழி ஏன் ஒரு வாரம்கூட விடாமல் சாட்சி சொல்கிறாள் என்று நான் ஒருநாள் கேட்டிருக்கிறேன். கத்திரியைக் கீழே வைத்துவிட்டுத்தான் பதில் சொன்னாள்.

“ஒரு வாரம் சொல்லாம விட்டேன் நர்சம்மா. காய்ச்சல்னு படுத்துட்டேன். அந்த வாரந்தான் இவுகளுக்குக் கையும் காலும் விழுந்துச்சு.”

“அந்த வாரம் அவரு பிரஷர் மாத்திரையவும் விட்டுட்டாரு அம்மிணி.”

“அதுவுந்தான்,” என்றாள். ஆனால் அவள் நம்பியது அதை அல்ல.

இப்போது அந்தோணிராஜ் நடக்கிறான். எவ்வளவு தூரம்? லைன் வீட்டுக் கடைசியில் இருக்கும் கக்கூஸ் வரைக்கும். தண்ணீர்க் குழாயையும் துவைக்கும் கல்லையும் தாண்டி, எல்லார் வாசலையும் கடந்து, நாலு ரப்பர் கால் உள்ள தடியை இடது கையால் ஊன்றிப் போவான். தடி, கெட்ட கால், நல்ல கால். தடி, கெட்ட கால், நல்ல கால். அவனுக்கு உலகத்தில் வேறு ஆசை எதுவும் மிச்சமில்லை. அயர்ன் பெட்டியைத் திரும்பப் பிடிப்போம் என்ற எண்ணத்தை விட்டுவிட்டான். பெண்டாட்டி கையில் பெட்பேனைக் கொடுக்கக் கூடாது, அவ்வளவுதான்.

அந்தக் கக்கூஸ் கதவுக்கு ஒரு குணம் உண்டு. திறந்தால் கத்தும், மூடினால் அதைவிடக் கத்தும். குழாயடியில் நிற்கும் பெண்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தோணிராஜ் உள்ளே போவதற்கு ஒரு கத்தல், வருவதற்கு ஒரு கத்தல். “எனக்காக நீ சாட்சி சொல்ல வேணாம் புள்ள,” என்பான் வேல்விழியிடம். “அந்தக் கதவே சொல்லிருது.”

அவன் நடப்பதற்குக் காரணம் சொல்லப் பலர் இருந்தார்கள். வேல்விழிக்கு, பாஸ்டர் ஜெபித்துக் கொடுத்த ஜெப எண்ணெய். வீட்டுக்காரி சாரதாமணி பரம்பரையாகத் தறிக்குடும்பம், முருக பக்தை. அவளுக்குத் தான் கொடுத்த திருநீறு. வேல்விழி அதை மரியாதையாக மறுத்துவிட்டாள். அந்தோணிராஜ் அவள் அந்தப் பக்கம் போனதும் வாங்கி முழங்காலில் பூசிக்கொண்டான். எந்த மருந்தையும் வீணாக்குகிறவன் இல்லை.

அன்று சனிக்கிழமை மாலை, சிலிண்டர் அற்புதம் சொல்லி முடித்த கையோடு பாஸ்டர் ஜெயபாண்டி வந்தார். பைக்கை நிறுத்திவிட்டு, குனிந்து உள்ளே வந்து, அந்தோணிராஜின் தலையில் கைவைத்து ஜெபித்துவிட்டு விஷயத்துக்கு வந்தார். மறுநாள் சாயங்காலம் கல்யாண மண்டபத்தில் வல்லமைப் பெருங்கூட்டம். வெளியூர்ச் சபைகளும் வருகின்றன. அந்தோணிராஜ் மேடையில் நடக்க வேண்டும்.

“தடி இல்லாம,” என்றார்.

“ஏனுங்க பாஸ்டருங்க,” என்றேன் நான், “தடி இருந்தா கர்த்தருக்கு என்னுங்க கொறஞ்சு போகுது?”

“ஜனங்க பாக்கணும்ல நர்சம்மா. தடியோட நடந்தா ஆஸ்பத்திரி நடக்க வச்ச மாதிரி இருக்கும்.”

“ஆஸ்பத்திரிய யாருங்க நடத்தறது, பிசாசா?”

அந்தோணிராஜ் நல்ல பக்கத்து வாயால் சிரித்தான். பாஸ்டர் சிரிக்கவில்லை. “பேனர்ல போட்டோ போட்டாச்சு,” என்றார். அதற்குமேல் ஒரு வேதவசனம் தேவைப்படவில்லை.

“அவுக நடப்பாக பாஸ்டர்,” என்றாள் வேல்விழி.

“ஏ புள்ள, நடக்கப்போறது நானு. என்னைய ஒரு வார்த்தை கேக்க வேணாமா?”

“கர்த்தர் இம்புட்டுச் செஞ்சிருக்காரு. மேடையில சொல்லாம விட்டா?” அவள் குரல் இறங்கியது. “மறுபடி இடது பக்கமும் விழுந்தா?”

பாஸ்டர் போன பிறகு நான் அவளிடம் நேராகவே சொன்னேன். “இப்ப இவரு விழுந்தா இடுப்பெலும்பு போகும். அப்புறம் கக்கூஸும் இல்லை, கதவும் இல்லை. கடைசி வரைக்கும் படுக்கைதான். தெரிஞ்சுக்கோ.” அவள் ஒரு பனியனைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். ஏற்கெனவே பார்த்த பனியன் அது.

ஞாயிறு காலை நான் போனபோது அந்தோணிராஜ் கட்டிலை விட்டு எழுந்துகொண்டிருந்தான். தடியை ஊன்றினான். தடி டைல்ஸ் தரையில் சர்ரென்று ஓடியது. நான் அவன் வேட்டி முடிச்சைப் பிடித்து இழுத்துக் கட்டிலில் உட்காரவைத்தேன். இல்லாவிட்டால் இந்தக் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

தடியைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தேன். நாலு ரப்பர் காலும் பளபளவென்று மின்னின. எண்ணெய்.

“யாரு இது?”

வேல்விழி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். “நான்தான். கூட்டத்துக்குப் போகுதேன்னு தடிக்கும் ஜெப எண்ணெய் வச்சேன்.”

“எதுக்குக் கால்ல வச்சே? தலையில வச்சிருந்தாலும் போகுதுன்னு விட்டிருப்பேன். வெள்ளைப் பனியன்ல கடுகளவு எண்ணெய் இருந்தா தூக்கிக் கடாசற கை உன்ற கை. ரப்பர்ல பூசினா வழுக்கும்னு அந்தக் கைக்குத் தெரியாதா கண்ணு?”

அவள் முகம் போன போக்கைப் பார்த்தால், சரக்கு முழுக்க எண்ணெய்க் கறையோடு கப்பல் ஏறிவிட்டது என்று யாரோ சொன்ன மாதிரி இருந்தது. பனியன் வேஸ்ட் துணியை எடுத்துவந்து, சோப்புத்தூள் போட்டு, வாசலில் உட்கார்ந்து நாலு காலையும் தேய் தேய் என்று தேய்த்தாள். நான் நகத்தால் சுரண்டிப் பார்த்து, கிரீச் என்று சத்தம் வந்த பிறகுதான் விட்டேன்.

“இன்னைக்குப் போகாட்டி என்ன?” என்று கேட்டேன்.

“பேனர்ல போட்டோ போட்டாச்சாமே,” என்றான் அந்தோணிராஜ். “கல்யாணத்துக்குக்கூட எனக்கு பேனர் வைக்கல. போவோம். மேடைப்படி வரைக்கும் தடி வரணும், அவ்வளவுதான்.”

சாயங்காலம் ஆட்டோவில் போனோம். மண்டபம் நிறைந்திருந்தது. நாங்கள் முன்வரிசை. பாட்டு முடிந்தால் பாட்டு. பாட்டுக்கு நடுவில் மோர் கொடுத்தார்கள். அந்தோணிராஜ் இரண்டு டம்ளர் குடித்தான். கொஞ்ச நேரத்தில் வேல்விழியின் முந்தானையை இழுத்து ஏதோ சொன்னான். “பொறுங்க, அடுத்து நம்மதான்,” என்றாள். அடுத்ததும் பாட்டுதான்.

ஒருவழியாகக் கூப்பிட்டார்கள். தொண்டர்கள் இரண்டு பேர் அவனைத் தூக்காத குறையாகப் படியேற்றினார்கள். பாஸ்டர் ஜெயபாண்டி கட்டிப்பிடித்தார். பிறகு தடியைக் கையிலிருந்து வாங்கித் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார்.

“இனிமே இது எதுக்கு?”

மண்டபம் அல்லேலூயா சொன்னது. தடி ஒரு தொண்டர் கைக்குப் போய், மேடையின் பின்பக்கம் பூ அலங்காரத்தில் சாய்த்து வைக்கப்பட்டது. அந்தோணிராஜ் இடது கையால் பிரசங்க மேசையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். மைக் அவன் வாய்க்கு வந்தது.

“அண்ணே, கர்த்தர் உங்களுக்கு என்ன செஞ்சாரு? ஜனங்களுக்குச் சொல்லுங்க!”

அவன் யோசித்தான். “ஒண்ணுக்குப் போக வச்சாரு,” என்றான்.

முதலில் ஒரு பெண் சிரித்தாள். பிறகு பாதி மண்டபம். பாஸ்டர், “அல்லேலூயா! இன்னும் சொல்லுங்க!” என்றார், அதை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று தெரியாமல்.

“இன்னும் என்னத்தச் சொல்ல? படுத்தே கெடந்தேன். எல்லாம் பெட்பேனு. இப்ப லைன் கடைசி வரைக்கும் நானே போறேன், நானே வாரேன். அதான் அவரு செஞ்சது. பெருசுதான் அது.” மூச்சு வாங்கினான். “இப்பவும் போகணும். அந்தத் தடியக் கொடுங்க.”

“தடி வேண்டாம் அண்ணே! விசுவாசத்தோட ஒரே ஒரு அடி!”

“ஒரு அடி! ஒரு அடி!” என்றது கூட்டம், கை தட்டிக்கொண்டே. கேமராக்காரன் காலுக்குக் குறிவைத்தான். அந்தோணிராஜ் மேசையிலிருந்து கையை எடுக்கலாமா என்று பார்த்தான். வலது முழங்கால் ஆட ஆரம்பித்தது. நான் எழுந்துவிட்டேன். ஆனால் என் வயதுக்கு மேடைப்படி தூரம்.

அவனுக்குப் பின்னாலேயே படியேறிய வேல்விழி மேடை ஓரத்தில் நின்றிருந்தாள். சாட்சிக்காக இஸ்திரி போட்ட புடவை, கையில் பைபிள். அவன் முகத்தைப் பார்த்தாள், தோளைப் பார்த்தாள், மேசையைப் பிடித்த கையைப் பார்த்தாள், கடைசியில் வேட்டியின் அடி ஓரத்தில் நடுங்கும் முழங்காலைப் பார்த்தாள். பைபிளை நாற்காலியில் வைத்தாள். நேராகப் பின்பக்கம் போய்ப் பூவுக்குள்ளிருந்து தடியை உருவினாள். தொண்டர் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

“அக்கா, கேமரா ஓடுது.”

“ஓடட்டும். நீங்க விடுங்க.”

பாஸ்டர் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு குனிந்தார். “சிஸ்டர், விசுவாசம்...”

“விசுவாசமெல்லாம் இருக்கு பாஸ்டர். அவுகளுக்கு அவசரமா இருக்கு.”

பொத்திய கை சரியாகப் பொத்தவில்லை. கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

தடியின் நாலு காலையும் முந்தானையால் ஒருமுறை துடைத்துவிட்டு அவன் இடது கையில் கொடுத்தாள். படி இறங்கும்போது, “கெட்ட கால் முதல்ல, கெட்ட கால் முதல்ல” என்று சொல்லிக்கொண்டே இறக்கினாள். அது நான் சொல்லிக்கொடுத்த பாடம். அவள் கேட்கவில்லை என்று நினைத்திருந்தேன். கூட்டம் வழிவிட்டது. மண்டபத்துக் கழிப்பறை சமையல்கட்டுக்குப் பின்னால். வாசலில் ஒரு உயரப் படி வேறு, கட்டியவனைத் தேட வேண்டும். நான் முதுகைப் பிடித்தேன், அவள் இடுப்பைப் பிடித்தாள். சரியான நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம்.

“ரெண்டு பேரும் அந்தப் பக்கம் திரும்புங்க,” என்றான்.

திரும்பினோம். அப்போது ஒலிபெருக்கியில் பாஸ்டரின் குரல் வந்தது. அவருக்குத் தெம்பு திரும்பிவிட்டது. “பார்த்தீர்களா! படுக்கையில் கிடந்த மனுஷன் மேடையிலிருந்து இறங்கி, உங்கள் கண் முன்னால், தன் காலால் நடந்தே போகிறார்! யாருடைய வல்லமை?” மண்டபம் முழுக்க அல்லேலூயா இடித்தது. கழிப்பறைத் தகரக் கூரை அதிர்ந்தது.

“ஒண்ணுக்குப் போனதுக்கா இத்தன அல்லேலூயா?” என்றான் அந்தோணிராஜ் சுவரைப் பார்த்துக்கொண்டு.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேல்விழி சிரிக்கவில்லை. அவன் வேட்டியைச் சரியாகக் கட்டிவிட்டு, “ஸ்தோத்திரம்” என்று மட்டும் சொன்னாள். வழக்கமாக அவள் அதைச் சொன்னால் தெருமுனைக்குக் கேட்கும். அன்று பக்கத்தில் நின்ற எனக்கே பாதிதான் கேட்டது.

திரும்பவும் மேடைக்குப் போகவில்லை. ஆட்டோ ஏறும்போது பாஸ்டர் ஓடி வந்தார். கோபமா சங்கடமா என்று அவருக்கே தெரியாத முகம். குனிந்து அந்தோணிராஜின் வலது காலைத் தூக்கி ஆட்டோவுக்குள் வைத்தார். முட்டி திருகாமல், குதிகாலைத் தாங்கி, சரியாகத்தான் வைத்தார். ஆஸ்பத்திரியில் இவனுக்குத் துணையாகத் தங்கிய நாட்களில் பழகிய கை. அந்த மனிதருக்கு நல்ல வேலை தெரியும், மைக் கையில் இல்லாதபோது.

“அடுத்த வாரம் சாட்சி...” என்று ஆரம்பித்தார்.

“பாப்போம் பாஸ்டர்,” என்றாள் வேல்விழி. அவள் வாயிலிருந்து அந்தப் பதிலை அவர் இதற்குமுன் கேட்டிருக்க மாட்டார்.

மறுநாள் காலை நான் போனபோது குழாயடியில் குடங்கள் வரிசையாக இருந்தன. வேல்விழி கம்பெனிக்குக் கிளம்பிய கோலத்தில் கக்கூஸ் வாசலில் முக்காலி போட்டு நின்றிருந்தாள். ஒரு கையில் ஜெப எண்ணெய் பாட்டில், மறு கையில் பனியன் வேஸ்ட். மேல் கீலில் எண்ணெய் விட்டாள். இறங்கிக் கீழ்க் கீலில் விட்டாள். கதவை ஆட்டினாள். முனகியது. இன்னும் விட்டாள். வழிந்ததை வேஸ்ட் துணியால் ஒற்றி எடுத்தாள்.

“ஏனம்மிணி, கதவுக்குமா அபிசேகம்?” என்றாள் சாரதாமணி, குடத்தைச் சாய்த்துப் பிடித்தபடி.

“இல்லக்கா. கத்துதுல்ல, அதான்.”

பாட்டிலைக் கவிழ்த்து மிச்சத்தையும் விட்டாள். பிறகு ஒதுங்கிக்கொண்டாள். அந்தோணிராஜ் வந்தான். தடி, கெட்ட கால், நல்ல கால். குழாயையும் துவைக்கும் கல்லையும் தாண்டினான். கதவைத் திறந்தான். உள்ளே போனான். மூடினான். குடம் பிடித்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தியும் திரும்பவில்லை. மோட்டார் எப்போது நிற்கும் என்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

வேல்விழி குழாயடிக்குப் போய்ச் சோப்புப் போட்டுக் கை கழுவினாள். மோந்து பார்த்தாள். திருப்தியில்லாமல் மறுபடி சோப்புப் போட்டு, விரல் இடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவினாள். அன்றைக்கும் கம்பெனியில் வெள்ளைச் சரக்கு. வெட்டி முடித்த மூட்டையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.